சுகமாய்த் திரும்பி வர ஒரு பூசை

அக்காவின் இரண்டாவது கல்யாணத்துக்கு நாள் கேட்கப் போயிருந்தோம். எங்கள் கோயில் பங்கு ஃபாதர் அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார்; எங்கள் வீட்டுக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. அக்கா விதவை என்று நினைத்துக்கொண்டு, "முதல் வீட்டுக்காரரை எந்தக் கல்லறையிலம்மா அடக்கம் பண்ணீங்க?" என்று கேட்டார்.

"அடக்கம் பண்ணல ஃபாதர். காணாமப் போயிட்டாரு. ஏழு வருஷம் ஆச்சு" என்றாள் அக்கா.

ஃபாதர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இது லேசில் முடிகிற காரியம் இல்லை என்று.

அக்காவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். எங்கள் வீட்டில் அவருக்கு 'கம்பெனிக்காரர்' என்றுதான் பெயர். அவர் மனைவி மஞ்சள் காமாலையில் இறந்துபோனவள். அதனால் அவருக்கு எந்தத் தடையும் இல்லை. கல்லறை இருந்தது, கல்லறைமேல் சிலுவை இருந்தது, சிலுவையில் பெயரும் இருந்தது. அக்காவுக்குக் காட்ட ஒரு பிடி மண்கூட இல்லை.

ஃபாதர் பொறுமையாகத்தான் சொன்னார். "கோயில்ல கல்யாணம் இல்லைன்னு சொல்றதுக்குப் பல காரணம் இருக்கும்மா. நெருங்கின ரத்த உறவா இருக்கும். பொண்ணையோ பையனையோ கட்டாயப்படுத்தியிருப்பாங்க. வேற மதத்துக்காரங்களா இருப்பாங்க. சிலதுக்கெல்லாம் பிஷப்புக்கு, நம்ம ஆயருக்கு எழுதி விலக்கு வாங்கலாம். ஆனா மொதல்ல கட்டினவரு உயிரோட இருந்தா, அதுக்கு யாராலயும் விலக்கு தர முடியாது."

"அவரு செத்துட்டாருன்னு எல்லாருக்கும் தெரியும் ஃபாதர்" என்றேன். நேரு வீதித் துணிக்கடையில் பில் போடும் இடத்தில் நாள் முழுக்கப் பேசிப் பழகிய வாய் எனக்கு. சும்மா இருக்காது.

"எல்லாருக்கும்னா யாருக்கு? யாராவது பாத்தாங்களா?"

"ஏழு வருஷம் ஆனா கோர்ட்டே ஒத்துக்குதே?"

"கோர்ட்டு வேற, கோயில் வேற. எத்தனை வருஷம் ஆச்சுங்கறது இங்க பேச்சில்ல. செத்துட்டாருன்னு நம்பறதுக்கு சாட்சி வேணும்."

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜோராக வாழ வேண்டியதுதானே என்று கத்தினேன். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்புறம் நன்மை வாங்க முடியாதேடி" என்றாள். பூசையில் ஃபாதர் கொடுக்கும் அப்பத்தை நாங்கள் நன்மை என்போம். கோயிலில் கட்டாமல் சேர்ந்து வாழ்ந்தால் அந்த வரிசையில் போய் நிற்கக்கூடாது. கேட்டால் சின்ன விஷயம்போல இருக்கும். புருஷன் காணாமல் போன ஏழு வருஷமும் அக்கா தலை நிமிர்ந்து நின்றது அந்த வரிசையில் மட்டும்தான். மற்ற இடத்தில் எல்லாம் ஜனங்கள் அவளைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும்.

மாமா, அதாவது அக்காவின் புருஷன், பைக் மெக்கானிக். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் எங்களுடையது; ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவிலேயே பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீடுகள் உண்டு. வருஷா வருஷம் வக்கான்ஸுக்கு, அதாவது பிரான்ஸில் லீவு விட்டதும், குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். அவர்கள் தெருவில் நடந்தால் செண்ட் வாசனை நாலு வீட்டுக்கு வரும். அவர்களுடைய பழைய ஸ்கூட்டர்களைப் பழுது பார்த்துப் பார்த்தே மாமாவுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. நேஷனாலிட்டி இல்லாதவன் எப்படிப் போவது? ஏஜெண்ட் ஒருத்தன் வந்து சேர்ந்தான். விமானம் ஏறி எங்கேயோ ஒரு குளிர் தேசத்தில் இறங்கி, அங்கிருந்து லாரியிலும் நடையிலும் போக வேண்டுமாம். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வழியில் ஒருமுறை போன் செய்து, "குளுரு தாங்கல. இன்னும் ஒரு ஆத்தைத் தாண்டிட்டா போதும்" என்று சொன்னார். அதோடு சரி.

மாமாவின் அம்மாவை நானும் அக்காவும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் அப்பா அம்மா போன பிறகு நானும் அக்காவோடு அத்தை வீட்டிலேயே தங்கிவிட்டேன். மூன்று பெண்கள், ஒரு வீடு. அத்தை மாமாவின் டிவிஎஸ் ஐம்பதைத் தினமும் துடைத்து வைப்பாள். அவர் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்கியபடியே இருந்தது. வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடாது என்பது அவள் சட்டம். சும்மா சாத்தி வைப்போம். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் அந்தோணியாருக்கு மாலைப் பூசை. அந்தப் பூசை அத்தையுடையது. மன்றாட்டு நேரத்தில், அதாவது ஜனங்களின் வேண்டுதல்களை வாசிக்கும்போது, ஃபாதருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மாமாவின் பெயரைச் சொல்லி, "சுகமாய்த் திரும்பி வர அவருடைய தாயார் ஒப்புக்கொடுக்கிறார்" என்று வாசிப்பார். கோயிலே பதில் சொல்லும். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

கம்பெனிக்காரர் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது அன்பியக் கூட்டத்தில். தெருவாரியாக ஒவ்வொரு வீட்டிலும் கூடி ஜெபம் சொல்வோமே, அதில். அவர் அதிகம் பேசமாட்டார். அக்காவுக்கு மட்டும் நாற்காலி இழுத்துப் போடுவார். இதை முதலில் கண்டுபிடித்ததே அத்தைதான். "ஏம்மா, நீ கட்டிக்கோயேன். எத்தினி நாளைக்கு என் மூஞ்சியையே பாத்துக்கினு இருப்ப?" என்றாள்.

"அவரு வந்துட்டாருன்னா அத்தை?" என்று அக்கா கேட்டாள்.

"வந்தா நான் பேசிக்கறேன் அவன்கிட்ட" என்றாள் அத்தை. அப்போது நாங்கள் சிரித்தோம்.

சாட்சி என்று ஃபாதர் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது மாமாவோடு போன ஆள்தான். அந்த ஆற்றங்கரையில் போலீசில் மாட்டிக்கொண்டு ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவன். வந்து இறங்கியதும் நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "அக்கரையில ஏறிட்டாரு, நான் பாத்தேன்" என்று அத்தையிடம் சொன்னவன். அந்த ஒரு வார்த்தையில்தான் அத்தை ஏழு வருஷத்தை ஓட்டினாள். அவன் காலாப்பட்டில் யுனிவர்சிட்டிக்கு எதிரே ஜூஸ் கடை வைத்திருந்தான். நானும் அக்காவும் பஸ் ஏறிப் போனோம். எங்களைப் பார்த்ததும் மிக்ஸியை நிறுத்தினான்.

"அண்ணே, நெஜத்தைச் சொல்லுங்க. அவரு கரை ஏறினதைப் பாத்தீங்களா?" என்றாள் அக்கா.

அவன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கை காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"அன்னிக்கு அந்தம்மா என் மூஞ்சியையே பாத்துக்கினு நின்னாங்க. நான் இன்னா சொல்லுவேன்? ஒரு வாய் சோறாவது எறங்கட்டுமேன்னு சொல்லிட்டேன்."

"அப்ப பாக்கலையா?"

"ஒரே பனி தங்கச்சி. கைய நீட்டினா கை தெரியல. தண்ணியில எறங்கினதப் பாத்தேன். ஏறினதப் பாக்கல."

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அக்கா அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க ரொம்ப நேரமாயிற்று. அவன் கொண்டுவந்து வைத்த ஜூஸ் அப்படியே இருந்தது.

நல்ல மனுஷன், ஃபாதரிடம் வந்து அதையே சொன்னான். ஃபாதர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "முழுகினதப் பாத்தியாப்பா?" இல்லை என்றான். ஏறியதையும் பார்க்கவில்லை, முழுகியதையும் பார்க்கவில்லை. மாமா அந்தப் பனிக்குள்ளேயே நின்றுவிட்டார்.

அடுத்தது அத்தை. பெற்ற தாய் என்ன நினைக்கிறாள் என்பதை ஆயர் இல்லத்துக்கு எழுத வேண்டுமாம். ஆட்டோ பிடித்து அழைத்துக்கொண்டு போனோம். வேதப்புத்தகத்தின்மேல் கையை வைக்கச் சொன்னார் ஃபாதர்.

"உங்க மகன் இறந்துட்டாருன்னு நீங்க நம்பறீங்களாம்மா?"

"இல்ல சாமி."

"அவருக்காக ஒரு தடவையாவது இளைப்பாற்றிப் பூசை கேட்டிருக்கீங்களா?" இறந்தவர்களின் ஆன்மாவுக்காகக் கேட்கும் பூசை அது.

"உயிரோட இருக்கறவனுக்கு எப்படி சாமி அதக் கேக்கறது? அவன் திரும்பி வரணும்னுதானே மாசாமாசம் கேக்கறேன். நீங்கதானே பூசை வெக்கறீங்க?"

ஃபாதர் அக்காவைப் பார்த்தார். "பெத்தவங்களே நம்பலைன்னா ஆயர் எப்படிம்மா நம்புவாரு? இப்போதைக்கு முடியாதும்மா" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே நான் அத்தையைப் பிடித்துக்கொண்டேன். கட்டிக்கோ என்று சொன்னவள் நீதானே, இப்போது காலை வாரிவிடுகிறாயே என்று மரியாதையெல்லாம் விட்டுக் கேட்டேன். அத்தை தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள். அக்கா என் தொடையில் கிள்ளினாள். வீட்டுக்கு வந்ததும் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டு, "அத்தை இருக்கற வரைக்கும் இந்தப் பேச்சு வேணாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு தையல் மிஷினில் போய் உட்கார்ந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மாமா வர ஆரம்பித்தார். ஏழு வருஷம் கூப்பிட்டபோது வராதவர், செத்துவிட்டார் என்று சாட்சி தேடப் போனதும் எங்கும் நடமாடினார். நேரு வீதிக் கூட்டத்தில் அவர் பிடரியைப் பார்ப்பேன். பில்லைப் பாதியில் விட்டு வெளியே ஓடுவேன். வேறு எவனோ வேர்க்கடலை தின்றுகொண்டு நிற்பான். வீட்டுப் போன் அடிக்கும், எடுத்தால் மூச்சுகூடக் கேட்காது. அக்கா தைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று மிஷினை நிறுத்திவிட்டு, "டிவிஎஸ் கிக்கர் சத்தம் கேட்டுச்சாடி?" என்பாள். வண்டி சுவரோரம் துடைத்து வைத்தபடி நிற்கும். கதவு காற்றில் கொஞ்சம் திறந்தால் மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்ப்போம். எனக்குப் பயமாக இருந்தது. வரவேண்டும் என்று நினைத்துப் பயந்தேனா, வந்துவிடக்கூடாது என்று நினைத்துப் பயந்தேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அத்தையிடம் இதைச் சொன்னால், "நல்லதுதானே, பக்கத்துல எங்கியோ இருக்கான்னு அர்த்தம்" என்றாள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. ஊரே பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. நாங்கள் வழக்கம்போல அத்தையின் புருஷன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி தூவி, வத்தி ஏற்றினோம். கொஞ்ச தூரத்தில் கம்பெனிக்காரர் தன் மனைவியின் கல்லறையைத் தனியாகக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா எங்கள் கூடையில் மிச்சமிருந்த பூவை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். நேரே போய்ப் பூவைப் போடாமல் இரண்டு கல்லறை தள்ளியே நின்றாள். போடலாமா, போட்டால் யார் என்ன சொல்வார்களோ என்று பூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவரும் கூப்பிடவில்லை. கடைசியில் அக்கா பூவோடு திரும்பி வந்தாள்.

அத்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அந்தப் பூவ எங்கிட்ட குடு" என்றாள். "ஒரு வத்தியும் குடு."

தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய சிலுவை உண்டு. எங்கேயோ செத்து எங்கேயோ புதைக்கப்பட்டவர்களுக்கு, கல்லறை இல்லாதவர்களுக்கு, அதன் அடியில்தான் வத்தி ஏற்றுவார்கள். அத்தை ஒரு வருஷமும் அந்தச் சிலுவைப் பக்கம் திரும்பியதில்லை. சுற்றிக்கொண்டுதான் போவாள். அன்றைக்கு நேராக அங்கே போனாள். காற்றில் வத்தி இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை முந்தானையால் மறைத்துக்கொண்டு ஏற்றி, பக்கத்தில் பூவை வைத்தாள். அக்கா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து, "வேணாம் அத்தை, வேணாம்" என்றாள். அத்தை கையை உதறிக்கொண்டு நகர்ந்தாள்.

மறுநாள் அவளாகவே கோயில் ஆபீசுக்குக் கிளம்பினாள். நான்தான் கூடப் போனேன். வேதப்புத்தகத்தின்மேல் கையை வைத்து, "என் மகன் செத்துட்டான் சாமி. எனக்கு நிச்சயம்" என்றாள்.

"எப்படிம்மா இப்ப நிச்சயம் வந்துச்சு?"

"பெத்தவளுக்குத் தெரியும் சாமி."

ஃபாதர் அதற்குமேல் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே மாமாவின் பெயர் இளைப்பாற்றிப் பூசையில் வாசிக்கப்பட்டது. ஆன்மா என்ற வார்த்தை அந்தப் பெயருக்குப் பின்னால் வந்ததும் அக்கா பெஞ்சிலேயே சரிந்து அழுதாள். ஏழு வருஷமாக அழாத அழுகை. அத்தை அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன்.

ஆயர் இல்லத்திலிருந்து அனுமதி வந்தது. ஃபாதர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயத்தைச் சொன்னாராம். முதல் கணவர் என்றைக்காவது உயிரோடு வந்து நின்றால், இந்தக் கல்யாணம் கல்யாணம் இல்லை. அக்கா அதை எங்களிடம் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று ஓலை முடியும். மூன்றாவது ஞாயிறு அந்த வாக்கியம் முடிவதற்குள் பின்பக்கக் கதவு கிறீச்சிட்டது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. அழுகிற பிள்ளையை யாரோ வெளியே தூக்கிப் போனார்கள், அவ்வளவுதான்.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. அத்தைதான் முன்னால் நின்று எல்லாம் செய்தாள். பட்டுப்புடவை, பூ, பந்தி, ஒன்றிலும் குறை வைக்கவில்லை. பூசையில் நன்மை வாங்க எல்லோரும் எழுந்தபோது அவள் மட்டும் முதல் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தாள். "முட்டி வலிடி, நீ போ" என்றாள். பந்தியில் அந்த முட்டியோடு ஓடி ஓடிப் பரிமாறியதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அவள் எழுந்திருக்கவில்லை. அக்கா புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் அத்தையும்தான். சட்டை கதவுக்குப் பின்னாலேயே தொங்கியது. பழக்கதோஷத்தில் கதவைச் சாத்தி மட்டும் வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முதல் செவ்வாய்க்கிழமை அக்காவும் கம்பெனிக்காரரும் அந்தோணியாருக்கு நன்றி சொல்லப் பூசைக்கு வந்தார்கள். நான் கடையில் சொல்லிவிட்டுச் சீக்கிரம் வந்து அவர்களோடு உட்கார்ந்தேன். அத்தை எங்களுக்கு முந்தியே வந்து, நடைவழி ஓரத்தில் முன் பெஞ்சில் இருந்தாள். மன்றாட்டு நேரத்தில் உபதேசியார் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக. ஆபரேஷனுக்குப் போகிறவருக்காக. பிறகு வாசித்தார்: "தூர தேசம் போன தன் மகன் சுகமாய்த் திரும்பி வர, ஒரு தாய் ஒப்புக்கொடுக்கிறார்."

பெயர் இல்லை. இந்த முறை யார் பெயரும் இல்லை.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில் முழுவதும். கம்பெனிக்காரரும் சொன்னார். எனக்குப் பக்கத்தில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது. அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லா மன்றாட்டுக்கும் சொல்வதுபோலச் சொன்னார். அக்காவின் உதடும் அசைந்தது. அசைந்து முடிந்த பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன்.

நன்மை வாங்க வரிசை கிளம்பியது. கம்பெனிக்காரர் முன்னால், அக்கா அவர் பின்னால், நான் அவளுக்குப் பின்னால். அத்தை எழுந்திருக்கவில்லை. அவள் பெஞ்சருகே வந்ததும் அக்கா நின்றுவிட்டாள்.

"நீங்க ஏன் அத்தை வரல?"

அத்தை நிமிர்ந்து பார்க்காமலே, "புஸ்தகத்து மேல கைய வச்சு பொய் சொல்லியிருக்கேன். அந்த வாயில எப்படிம்மா வாங்கறது?" என்றாள். பிறகு, "அது என்னோட போவட்டும். நீ போ. நீ வாங்கணும்னுதானே" என்றாள்.

பின்னால் வரிசை தேங்கியது. யாரோ என் முதுகைத் தொட்டார்கள். அக்கா இரண்டு அடி முன்னால் போனாள். திரும்பி வந்து, பெஞ்சுக்குள் நுழைந்து, அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "போம்மா, போய் வாங்கினு வா" என்று அத்தை அவள் தோளைத் தள்ளினாள். அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். முன்னால் போன கம்பெனிக்காரர் நன்மை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, மனைவியைக் காணாமல் பெஞ்சு பெஞ்சாகத் தேடினார்.

அதற்குப் பிறகு அக்கா ஒரு ஞாயிறும் பூசைக்கு வராமல் இருந்ததில்லை. அந்த வரிசையில் மட்டும் அவளை நான் பார்க்கவில்லை.